மாளிகைக்கு யார் காசு கொடுத்தது?

இங்கிலாந்துக்கு வேலைக்கு வரும் நம்மவர்கள் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே சுற்றுலா வரிசைதான். முதல் மாதம் லண்டன். அடுத்து ஸ்டோன்ஹெஞ்ச், பாத், ஆக்ஸ்ஃபோர்டு. குளிர் கொஞ்சம் குறைந்ததும் ஆபீஸில் யாராவது ஒருத்தர், "நேஷனல் ட்ரஸ்ட் கார்டு வாங்கிடுப்பா, வருஷம் பூரா சுத்தலாம்" என்பார். கார்டு வாங்கியாச்சா, அப்புறம் சனிக்கிழமைதோறும் புளியோதரை கட்டிக்கொண்டு கிராமப்புற மாளிகை தரிசனம்தான்.

முதல் வீடு பிரமிக்க வைக்கும். அரை மைல் நீளத்துக்கு மரங்கள் வரிசை கட்டி நிற்கும் பாதை, கடைசியில் கல் மாளிகை, உள்ளே எட்டாள் உயரத்துக்கு ஓவியங்கள், கயிறு கட்டித் தடுத்த கட்டில். ஒவ்வொரு அறையிலும் ரிடையர்டான ஒரு தாத்தாவோ பாட்டியோ கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நிற்பார்கள். கேட்டால் அந்த நாற்காலியின் ஜாதகத்தையே சொல்வார்கள். அஞ்சாவது வீட்டுக்குப் பிறகு எல்லாம் ஒண்ணு போலத்தான் தெரியும். எந்த ஊரில் எந்தப் பிரபு என்று குழம்பிப் போய், கடைசியில் டீக்கடையில் ஸ்கோன் நல்லா இருந்ததா இல்லையா என்பது மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

எனக்கு அந்த அலுப்பு போனது ஒரு கேள்வியால். இதுக்கெல்லாம் காசு எங்கேர்ந்து வந்தது? அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு கேள்வி: அவ்வளவு காசு இருந்தவர்கள், யாரோ ஒரு கம்ப்யூட்டர்காரன் ஷூவோடு தங்கள் படுக்கையறை வரை வந்து எட்டிப் பார்க்க ஏன் விட்டார்கள்? இந்த இரண்டுக்கும் விடை தேடிக்கொண்டு போனால் ஒவ்வொரு வீடும் வேறு மாதிரி தெரிகிறது. வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் எழுதிய கணக்கு நோட்டு மாதிரி.

பேரில் மட்டும் மடம்

கோட்டையிலிருந்து ஆரம்பிப்போம். கிழக்கு சஸ்ஸெக்ஸில் போடியம் என்று ஒரு கோட்டை. காலண்டர் படம் மாதிரி இருக்கும்: சுற்றிலும் அகழி, நாலு மூலையிலும் உருண்டை கோபுரம். 1385-ல் மன்னரிடம் அனுமதி வாங்கிக் கட்டியவர் சர் எட்வர்ட் டாலிங்ரிஜ். பிரான்ஸோடு நடந்த நூற்றாண்டுப் போரில் சம்பாதித்து வந்தவர். அது நிஜமாகவே எதிரியைத் தடுக்கக் கட்டியதா, அல்லது ஊர்க்காரர்கள் வாயைப் பிளக்கக் கட்டியதா என்று சரித்திர ஆசிரியர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பீரங்கி வந்த பிறகு கோட்டைக்கு வேலையில்லை. பணக்காரர்கள் சுவரின் கனத்தைக் குறைத்து, ஜன்னலைப் பெரிதாக்க ஆரம்பித்தார்கள்.

அந்தப் பணக்காரர்கள் யார்? இங்கேதான் 'ஏபி' வருகிறது. வோபர்ன் ஏபி, லேகாக் ஏபி, டிவி சீரியலில் வரும் டவுன்டன் ஏபி. ஏபி என்றால் துறவிகளின் மடம். பிரபுக்கள் குடும்பத்தோடு வாழும் வீட்டுக்கு மடம் என்று ஏன் பெயர்? ஏனென்றால் அது மடமாகத்தான் இருந்தது. எட்டாம் ஹென்றி போப்பாண்டவரோடு முறித்துக்கொண்ட பிறகு, 1536-லிருந்து 1540-க்குள் இங்கிலாந்தின் எல்லா மடங்களையும் கலைத்து, நிலத்தையும் சொத்தையும் அரசுக்கு எடுத்துக்கொண்டார். பிறகு அவை வேண்டியவர்களுக்குப் போயின. சிலது பரிசாக, பெரும்பாலும் விலைக்கு. நம் ஊரில் ஆதீன நிலங்கள் எல்லாவற்றையும் நாலே வருஷத்தில் கைமாற்றி விட்டால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். அடுத்த முந்நூறு வருடப் பிரபுக் குடும்பங்கள் பலவற்றின் முதல் மூலதனம் அதுதான்.

மடங்களைக் கலைக்கப் போன அதிகாரிகளில் ஒருவர் வில்லியம் கேவண்டிஷ். அவர் மனைவி பெஸ். பெஸ்ஸுக்கு மொத்தம் நாலு கல்யாணம், நாலு பேரும் அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தார்கள், பெஸ்ஸின் சொத்து ஏறிக்கொண்டே போனது. 1590-களில், வயது அறுபதைத் தாண்டிய பிறகு, டெர்பிஷயரில் ஹார்ட்விக் ஹால் என்று ஒரு மாளிகை கட்டினார். சுவரை விடக் கண்ணாடிதான் அதிகம் என்று அன்றைக்கே ஜனங்கள் பேசிக்கொண்டார்களாம். கண்ணாடி அப்போது தங்கம் மாதிரி. கூரை மேல் ஆறு கோபுரங்கள், ஒவ்வொன்றின் உச்சியிலும் கல்லில் வெட்டிய 'ஈ.எஸ்.' என்ற எழுத்துகள்: எலிசபெத், ஷ்ரூஸ்பரி சீமாட்டி. மைல் கணக்கில் தூரத்திலிருந்தே தெரியும். கட் அவுட் கலாசாரம் நாம் கண்டுபிடித்தது இல்லை போலிருக்கிறது. பெஸ்ஸை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருவார்.

புல்வெளிக்கு அடியில் ஒரு ஊர்

இங்கிலாந்தின் கிராமப்புறத்தைப் பார்த்து "என்ன இயற்கை அழகுடா!" என்று நாம் போட்டோ எடுக்கும் இடங்களில் பாதி, இயற்கை இல்லை. மாளிகைக்கு முன்னால் அலையலையாக இறங்கும் புல்வெளி, வளைந்து கிடக்கும் ஏரி, அங்கங்கே கொத்தாக மரங்கள், எல்லாம் டிசைன். பெரும்பாலும் ஒரே மனிதர் அல்லது அவரைப் பார்த்துக் காப்பியடித்தவர்கள் செய்தது. அவர் பெயர் லான்சலட் பிரவுன். தோட்டக்கார வேலையில் ஆரம்பித்தவர். யார் நிலத்தைப் பார்த்தாலும் "இதில் நிறைய சாத்தியம் இருக்கு" என்ற பொருளில் 'கேப்பபிலிட்டி' என்பாராம். அதுவே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. 1783-ல் சாவதற்குள் 170 இடங்களுக்கு மேல் அவர் கை பட்டிருக்கிறது.

இந்தத் தோட்டங்களில் எனக்குப் பிடித்த தந்திரம் ஒன்று உண்டு. வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் புல்வெளி அப்படியே தொடுவானம் வரை போகும், நடுவில் மாடு மேயும், வேலியே தெரியாது. ஆனால் மாடு வீட்டுப் பக்கம் வராது. எப்படி? புல்வெளியின் குறுக்கே ஒரு பள்ளம் வெட்டி, வீட்டுப் பக்கத்துச் சரிவை நேர்செங்குத்தான சுவராகக் கட்டியிருப்பார்கள். பக்கத்தில் போனால்தான் தெரியும். இதற்குப் பெயர் 'ஹா-ஹா'. நிஜமாகவே அதுதான் பெயர். போட்டோவுக்காகப் பின்னால் நகரும்போது பத்திரம்.

மாட்டைப் பள்ளம் வெட்டி மறைக்கலாம். ஒரு ஊரே குறுக்கே இருந்தால்? தூக்கிவிட வேண்டியதுதான். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் நியூனம் கோர்ட்னி. 1760 வாக்கில் ஹார்கோர்ட் பிரபு தன் புது மாளிகையின் காட்சிக்கு இடைஞ்சலாக இருந்த பழைய கிராமத்தை எடுத்துவிட்டு, தள்ளி மெயின் ரோட்டோரம் இரண்டு பக்கமும் ஒரே அச்சில் வீடுகள் கட்டிக் கொடுத்தார். இன்றும் அந்த ரோட்டில் காரில் போனால் ஹவுசிங் போர்டு காலனி மாதிரி இரட்டை இரட்டையாக நிற்பதைப் பார்க்கலாம். டார்செட்டில் மில்டன் ஏபாஸ் இன்னும் பிரசித்தம். அங்கே மில்டன் பிரபு ஒரு சின்ன டவுனையே இடித்துவிட்டு, 1780 வாக்கில் வேறொரு பள்ளத்தாக்கில் வெள்ளைச் சுவரும் கூரையும் போட்ட அழகான கிராமத்தைக் கட்டினார். வடிவமைப்பில் பிரவுனுக்கும் பங்கு உண்டு. ஒரே ஒரு வக்கீல் மட்டும் காலி செய்ய மறுத்ததாகவும், பிரபு மதகைத் திறந்து வீட்டுக்குள் தண்ணீர் விட்டதாகவும், வக்கீல் கேஸ் போட்டு ஜெயித்ததாகவும் ஊரில் கதை சொல்கிறார்கள். வக்கீலோடு மோதினால் எந்த நூற்றாண்டிலும் இதுதான் கதி!

இன்றைக்கு அந்தக் கிராமம் 'இங்கிலாந்தின் மிக அழகான கிராமம்' வகையறாவில் காலண்டரில் வருகிறது. வெளியேற்றப்பட்டவர்களின் காலனி என்று யாருக்கும் தோன்றாது.

வீட்டுக்குள்ளும் இதே வேலைதான். வேலைக்காரர்கள் கண்ணில் படக்கூடாது என்று தனிப் படிக்கட்டு, தனி வாசல். சஸ்ஸெக்ஸில் பெட்வொர்த் மாளிகைக்குப் போனால், வேலைக்காரர்களின் கட்டடம் தனியாக இருக்கும். அங்கிருந்து மாளிகைக்கு பூமிக்கு அடியில் சுரங்கப்பாதை. சாப்பாடு அந்த வழியாகத்தான் போகும். ஹா-ஹா பள்ளத்துக்கும் இந்தச் சுரங்கத்துக்கும் ஒரே வேலை: உழைப்பைப் பார்வையிலிருந்து ஒளித்து வைப்பது.

மதராஸ் கணக்கு

நிலத்து வாடகைதான் எல்லாப் பிரபுக்களுக்கும் சோறு போட்டது. ஆனால் 18-ம் நூற்றாண்டில் புதிதாக இரண்டு ஊற்றுகள் திறந்தன. ஒன்று மேற்கிந்தியத் தீவுகளின் கரும்பு, அதாவது அடிமைகளின் உழைப்பு. யார்க்‌ஷயரின் ஹேர்வுட் ஹவுஸ் அந்தப் பணத்தில் வந்தது. இன்னொன்று கிழக்கிந்தியக் கம்பெனி. இந்தியாவிலிருந்து பணத்தோடு திரும்பியவர்களுக்கு இங்கே 'நபாப்' என்று கேலிப்பெயர். நம்ம நவாப்தான்.

கிளைவ், வங்காளம், பிளாசி என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. மதராஸ் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே.

ஸ்டோன்ஹெஞ்ச் போகிறவர்கள் சாலிஸ்பரி வழியாகப் போகும்போது ஓல்டு சேரம் என்று ஒரு மண்மேடு வரும். ஒரு காலத்தில் கோட்டை, கதீட்ரல் எல்லாம் இருந்த ஊர். 13-ம் நூற்றாண்டில் கதீட்ரல் கீழே சாலிஸ்பரிக்கு மாறியதும் ஊரும் இறங்கிப் போய்விட்டது. ஆனால் பார்லிமெண்டில் ஓல்டு சேரத்துக்கு இரண்டு சீட்டு மட்டும் 1832 வரை அப்படியே இருந்தது! ஆள் இல்லாத ஊர், விரல் விட்டு எண்ணக்கூடிய ஓட்டு. அந்த நிலத்தை வாங்கினால் இரண்டு எம்.பி. இலவசம். 1691-ல் அதை வாங்கியவர் தாமஸ் பிட்.

இந்த பிட், 1698 முதல் 1709 வரை மதராஸ் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். 1702 வாக்கில் ஜம்சந்த் என்ற வைர வியாபாரியிடமிருந்து கோல்கொண்டாப் பக்கத்து வைரம் ஒன்றை 48,000 வராகன் கொடுத்து வாங்கினார். அன்றைய மதிப்பில் சுமார் 20,400 பவுண்டு. வெட்டாத நிலையில் 410 காரட். மகன் மூலமாக லண்டனுக்கு அனுப்பி, பட்டை தீட்டி, 1717-ல் பிரான்ஸின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த ஆர்லியன்ஸ் கோமகனுக்கு 1,35,000 பவுண்டுக்கு விற்றார். 'ரீஜென்ட் வைரம்' என்று இன்றைக்கும் பாரிஸ் லூவ்ர் மியூசியத்தில் இருக்கிறது. அதே 1717-ல் கார்ன்வாலில் போகனாக் என்ற எஸ்டேட்டை 54,000 பவுண்டுக்கு வாங்கினார்.

கதை அதோடு முடியவில்லை. பிட்டின் பேரன், ஓல்டு சேரம் தொகுதியிலிருந்துதான் 1735-ல் முதன்முதலில் பார்லிமெண்ட் போனார். பெயர் வில்லியம் பிட். பின்னாளில் பிரதமர். அவர் மகன் இன்னொரு வில்லியம் பிட், 1783-ல் 24 வயதில் பிரதமர். மதராஸ் வைர வியாபாரியின் பணம், ஆளில்லாத மண்மேடு வழியாக, இரண்டு பிரதமர்களைக் கொடுத்தது. இந்த இளைய பிட்டையும் கொஞ்சம் ஓரமாக நிறுத்தி வைப்போம்.

சென்னைக்காரர்களுக்கு வாலாஜா ரோடு தெரியும். அந்த வாலாஜா, ஆற்காட்டு நவாப் முகமது அலி. அவரைப் பதவியில் உட்கார வைக்கத்தான் 1751-ல் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டையில் ஐம்பது நாள் முற்றுகையைத் தாக்குப்பிடித்தார். கம்பெனி சும்மா சண்டை போடாது, செலவை நவாப் தலையில் எழுதியது. கட்டப் பணமில்லாத நவாப் கடன் வாங்கினார். யாரிடம்? அதே கம்பெனியின் ஊழியர்களிடம், தனிப்பட்ட முறையில்! கம்பெனிக்குச் சேரவேண்டிய பாக்கியைக் கட்ட, கம்பெனி குமாஸ்தாவிடம் வட்டிக்கு வாங்குவது. ஆரம்பத்தில் வட்டி நூற்றுக்கு 30-ஐத் தாண்டியதும் உண்டு. கந்துவட்டிக்காரர்களுக்கே கண்ணைக் கட்டும்.

நவாபிடம் அடமானம் வைக்க என்ன இருந்தது? ஊர்களின் வரி. இந்தச் சீமையின் வரி வசூல் இத்தனை வருஷத்துக்கு உனக்கு என்று எழுதிக் கொடுத்துவிடுவார். கடன் கொடுத்தவரின் ஆட்களான துபாஷிகள் அறுவடைக் களத்துக்கே போய் வசூல் செய்வார்கள். நவாபுக்கு அதுவும் போதவில்லை. 1773-ல் கம்பெனிப் படையின் துணையோடு தஞ்சாவூரைப் பிடித்தார். உடனே தஞ்சாவூர் வரியும் அடமானத்துக்குப் போயிற்று.

இந்தக் கடன்காரர்களில் பெரிய கை பால் பென்ஃபீல்டு. கம்பெனியில் சாதாரண உத்தியோகத்தில் சேர்ந்தவர். சேப்பாக்கம் மாளிகையைக் கட்டியவர் இவர்தான் என்பார்கள். 1776-ல் லண்டன் உத்தரவுப்படி கவர்னர் பிகட் தஞ்சாவூரை ராஜா துளஜாவிடம் திருப்பிக் கொடுக்கப் போனபோது பென்ஃபீல்டு குறுக்கே வந்தார். தஞ்சாவூர் வரியில் எனக்கு ஒன்றரை லட்சம் பவுண்டுக்கு மேல் பாத்தியதை இருக்கிறது, அது போக வயலில் நிற்கும் பயிரின் மேலும் கடன் கொடுத்திருக்கிறேன் என்றார். வயலில் நிற்கும் பயிர்! கவர்னரின் கவுன்சிலில் பெரும்பாலோர் பென்ஃபீல்டு பக்கம் சாய்ந்தார்கள். ஆகஸ்ட் 1776-ல் கவர்னரையே கைது செய்தார்கள். அடுத்த வருடம் மே மாதம் காவலிலேயே பிகட் இறந்துபோனார். (பிகட்டும் ஒன்றும் துறவி இல்லை. முதல் முறை மதராஸ் கவர்னராக இருந்துவிட்டுத் திரும்பி, ஸ்டாஃபோர்ட்ஷயரில் பேட்ஷல் ஹால் எஸ்டேட்டை ஒரு லட்சம் பவுண்டுக்கு வாங்கியவர்தான்.)

1780-ல் ஹைதர் அலி படையெடுத்து வந்து ஆற்காட்டுச் சீமையே பாழானது. வட்டி மட்டும் பாழாகவில்லை. 1784-ல் லண்டன் அரசு, கணக்கு சரியா தப்பா என்று விசாரிக்காமலே, நவாபின் கடன்களை ஒப்புக்கொண்டு, வருஷத்துக்கு 12 லட்சம் வராகன் வரிப்பணத்தை அதற்கு ஒதுக்கச் சொன்னது. அப்போது பிரதமர் யார்? ஓரமாக நிறுத்தி வைத்தோமே, அந்த இளைய பிட். மதராஸ் வைரத்தில் எழுந்த குடும்பத்தின் கொள்ளுப்பேரன், மதராஸ் கடன்காரர்களுக்குக் கையெழுத்துப் போட்ட அரசின் தலைவர். பிப்ரவரி 1785-ல் எட்மண்ட் பர்க் பார்லிமெண்டில் பென்ஃபீல்டைப் பெயர் சொல்லியே கிழித்தார். ஓட்டெடுப்பில் தோற்றார்.

இனி மாளிகைக்கு வருவோம். ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் வுட்ஹால் பார்க். 1777-ல் இதைக் கட்ட ஆரம்பித்தவர் சர் தாமஸ் ரம்போல்டு, வங்காளத்தில் சம்பாதித்தவர். 1778-ல் மதராஸ் கவர்னராகப் போய், 1781-ல் கம்பெனியால் பதவி நீக்கப்பட்டவர். அவருக்குப் பிறகு 1790-களில் வீட்டை வாங்கியவர் யார் தெரியுமா? பால் பென்ஃபீல்டேதான். ஒரு மதராஸ் கவர்னர் கட்டி, ஒரு மதராஸ் வட்டிக்காரர் குடியேறிய வீடு. ஆனால் அனுபவிக்கக் கொடுத்துவைக்கவில்லை. லண்டனில் பாங்கு வியாபாரத்தில் இறங்கித் திவாலாகி, வீட்டை விற்று, 1810-ல் பாரிஸில் ஏழையாகச் செத்தார். வுட்ஹால் பார்க்கில் இப்போது ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறது.

ஆற்காட்டுக் கடன்? 1801-ல் கம்பெனி அந்தச் சீமையையே எடுத்துக்கொண்டது. அப்போது மதராஸ் கவர்னர் எட்வர்ட் கிளைவ், ராபர்ட் கிளைவின் மகன். அப்பா உட்கார வைத்த வம்சத்தைப் பிள்ளை இறக்கினார். பிறகு கடன்காரர்களின் பத்திரங்களைச் சோதிக்க ஒரு கமிஷன் போட்டார்கள். குவிந்த கோரிக்கைகளில் பத்தில் ஒரு பங்கு கூட உண்மையென்று தேறவில்லை. இருபது வருஷம் முன்னாலேயே பர்க் கேட்ட விசாரணை இதுதான்.

பெரிய கிளைவின் தோட்டத்தையும் பார்க்கலாம். சர்ரேயில், லண்டனிலிருந்து ரயிலில் போகிற தூரத்தில் கிளேர்மாண்ட். நியூகாஸில் கோமகன் 1768-ல் இறந்த பிறகு அவர் மனைவியிடமிருந்து 25,000 பவுண்டுக்கு வாங்கி, இருந்த பெரிய வீட்டை முழுக்க இடித்துவிட்டு, பிரவுனை வைத்தே புது மாளிகை கட்டினார். கிளைவுக்கு மிகப்பெரிய பணம் வங்காளத்தில்தான் வந்தது. ஆனால் முதல் சொத்து சேர்ந்தது மதராஸில், படைகளுக்குச் சாப்பாடு சப்ளை செய்யும் பொறுப்பில் இருந்தபோது. 1774 நவம்பரில், வீடு முழுதாகக் குடியேறும் நிலைக்கு வரும்போது, லண்டன் வீட்டில் இறந்துபோனார். மாளிகை இப்போது பள்ளிக்கூடம், தோட்டம் நேஷனல் ட்ரஸ்டிடம். ஏரிக்கரையில் புல்லாலேயே படிப்படியாகச் செதுக்கிய வட்டரங்கு ஒன்று இருக்கிறது, கிளைவுக்கும் முந்தைய காலத்தது. பார்க்க வேண்டிய அழகு.

பணம் தீர்ந்த கதை

சரி, இரண்டாவது கேள்வி. நம்மை ஏன் உள்ளே விட்டார்கள்?

1870-களில் அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. தானிய விலை விழுந்தது, நில வாடகை விழுந்தது. 1894-ல் வாரிசு வரி வந்தது. அப்போது உச்சபட்சம் நூற்றுக்கு 8 தான். அதைக் கொண்டுவந்த நிதியமைச்சர் வில்லியம் ஹார்கோர்ட், ஊரைத் தூக்கிய அதே நியூனம் கோர்ட்னி ஹார்கோர்ட் குடும்பத்துக்காரர் என்பது தனி வேடிக்கை. 1919-ல் வரி 40 ஆனது, 1940-ல் 65, 1949-ல் 80. நடுவில் முதல் உலகப்போர் வேறு. அப்பா செத்து வரி கட்டி முடிப்பதற்குள் பிள்ளை போர்முனையில் செத்தால், திரும்பவும் பெரும் பாரம். கூரையில் ஓட்டை, வேலைக்காரர்கள் ஃபாக்டரிக்குப் போய்விட்டார்கள். என்ன செய்வது? ஓடு, ஈயம், மாடிப்படி என்று பிரித்துப் பிரித்து விற்றுவிட்டு இடித்தார்கள். 1974-ல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் நடந்த ஒரு கண்காட்சி, இடிந்துபோன ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாளிகைகளின் பட்டியலைப் போட்டு நாட்டையே உலுக்கியது.

நேஷனல் ட்ரஸ்ட் 1895-ல் ஆரம்பித்தபோது மாளிகைகள் அதன் கவலையே இல்லை. ஆக்டேவியா ஹில் முதலான மூன்று பேர் ஆரம்பித்தது, ஏழைகள் காற்று வாங்கத் திறந்தவெளி வேண்டும் என்பதற்காக. 1934-ல் லோதியன் பிரபு அந்த சங்கத்தின் கூட்டத்தில் எழுந்து, மாளிகைகளையும் காப்பாற்றுங்கள் என்று பேசினார். பரம்பரைச் சொத்தோடு பெரிய வரி பில்லையும் சேர்த்து வாங்கிக்கொண்டவர் அவர். 1937-ல் சட்டம் வந்தது: வீட்டையும் பராமரிப்புக்கான மூலதனத்தையும் ட்ரஸ்டிடம் கொடுத்தால் வரி இல்லை, குடும்பம் அங்கேயே குடியிருக்கலாம், ஆனால் பொதுஜனங்களை உள்ளே விடவேண்டும். 1940-ல் லோதியன் இறந்தபோது தன் பிளிக்லிங் ஹால் மாளிகையை அப்படித்தான் எழுதி வைத்திருந்தார். நம்முடைய சனிக்கிழமை டிக்கெட்டின் பூர்வீகம் இந்தச் சட்டம்.

பெஸ்ஸின் பரம்பரைக்கு வருவோம். அவர் வழி வந்த டெவன்ஷயர் கோமகன்களின் சாட்ஸ்வொர்த் மாளிகை எல்லாருக்கும் தெரிந்தது. பத்தாவது கோமகன் சொத்தை முன்கூட்டியே மாற்றி எழுதிவிட்டார். எழுதி ஐந்து வருஷம் உயிரோடு இருந்தால் வரி இல்லை. 1950 நவம்பரில் இறந்துபோனார். இன்னும் 14 வாரம் பாக்கி! நூற்றுக்கு 80 வரி. ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலமும் அபூர்வ ஓவியங்களும் போயின. 1959-ல் ஹார்ட்விக் ஹால் வரிக்குப் பதிலாக அரசுக்குப் போய், அங்கிருந்து நேஷனல் ட்ரஸ்டுக்குப் போனது. மடங்களைக் கலைத்து அரசு எடுத்த சொத்தில் எழுந்த குடும்பம், நானூறு வருஷம் கழித்து அரசுக்கே ஒரு மாளிகையைத் திருப்பிக் கொடுத்தது.

மற்றவர்கள் டிக்கெட் போட்டார்கள். லாங்லீட் 1949-ல் திறந்தது, 1966-ல் சிங்கங்களைக் கொண்டுவந்து காருக்குப் பக்கத்தில் விட்டது. டெர்பிஷயரின் கால்க் ஏபி வேறு மாதிரி. 1985-ல் ட்ரஸ்ட் கைக்கு வந்தபோது இருந்த நிலையிலேயே, உரிந்த காகிதமும் குப்பையுமாகவே காட்டுகிறார்கள். எல்லா வீட்டையும் புதுசாகப் பாலிஷ் போட்டுக் காட்டினால் சரிவு தெரியாது என்பதால் எனக்கு அந்த வீடு ரொம்பப் பிடித்தது.

போர்டில் எழுதலாமா?

2020 செப்டம்பரில் நேஷனல் ட்ரஸ்ட் ஒரு அறிக்கை வெளியிட்டது. தங்களிடம் உள்ள இடங்களில் 93-க்கு அடிமை வியாபாரத்தோடோ காலனி ஆட்சியோடோ தொடர்பு உண்டு என்று பட்டியல். பெரிய ரகளை. தோட்டம் பார்க்க வருகிறவர்களிடம் ஏன் குற்றப்பத்திரிகை வாசிக்கிறீர்கள் என்று ஒரு தரப்பு. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று இன்னொரு தரப்பு.

என் கட்சி இதுதான். போர்டில் எழுதுவது யாரையும் திட்டுவதற்கு இல்லை. வீடு எப்படி வந்தது என்பதும் வீட்டின் சரித்திரம்தானே? கட்டிய ஆர்க்கிடெக்ட் பெயரைச் சொல்கிறோம், சுவர்ச் சித்திரம் யார் போட்டது என்று சொல்கிறோம், பில் யார் கட்டியது என்று சொல்வதில் என்ன வம்பு? அதற்காகத் தோட்டத்தை ரசிக்காமல் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்றும் இல்லை. பிரவுனின் ஏரி அழகுதான். மில்டன் ஏபாஸ் அழகுதான். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைப் பார்க்கும்போதும் சோழர்கள் போரில் கொண்டுவந்த பொன்னைப் பற்றி அந்தக் கோயில் கல்வெட்டே சொல்கிறது. அதைப் படித்ததால் யாருக்கும் கோபுரத்தின் உயரம் குறைந்துவிடவில்லை.

நமக்கு அதில் ஒரு தனிப் பாத்தியதையும் உண்டு. பென்ஃபீல்டுக்கு எதிராக லண்டனில் பர்க் பேசினார், அது அச்சில் இருக்கிறது. ரம்போல்டுக்கு விசாரணை நடந்தது, அதுவும் இருக்கிறது. பயிரை அடமானம் வைத்த தஞ்சாவூர் விவசாயிக்கு எந்தச் சுவரிலும் ஓவியம் இல்லை, பெயரும் இல்லை. கணக்கு நோட்டின் வரவுப் பக்கத்தில் இருப்பவர் அவர்.

அடுத்த முறை கார்டை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, அறையில் நிற்கும் அந்தத் தாத்தாவிடம் நாற்காலியைப் பற்றிக் கேட்டு முடித்ததும், இன்னும் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். இதைக் கட்ட யார் காசு? இங்கே வேலை பார்த்தவர்கள் எந்த வழியாகப் போய் வந்தார்கள்? குடும்பம் ஏன் இதை விட்டுக்கொடுத்தது? பெரும்பாலும் அவர்களுக்குப் பதில் தெரிந்திருக்கும். கேட்க ஆள் வந்ததே என்று சந்தோஷமாகச் சொல்வார்கள்.

பி.கு.: போக நினைப்பவர்களுக்கு. கிளேர்மாண்ட் தோட்டமும் ஓல்டு சேரமும் பொதுமக்களுக்குத் திறந்திருப்பவை. வுட்ஹால் பார்க் பள்ளிக்கூடம் என்பதால் உள்ளே சுற்ற முடியாது. கிளௌஸ்டர்ஷயரில் செஸின்கோட் என்று ஒரு வீடு இருக்கிறது. கம்பெனிப் பணத்தில் 1805-ஐ ஒட்டிக் கட்டியது, மேலே முகலாய பாணிக் குவிமாடம், தோட்டத்தில் சூரியனுக்கு ஒரு சின்னக் கோயில், பாலத்தின் மேல் நந்திகள்! வருஷத்தில் சில மாதங்கள்தான் திறப்பார்கள், விசாரித்துக்கொண்டு போங்கள்.